அப்டேட் போட்டதும் லேப்டாப்புக்குக் காது கேட்கவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மணிக்கட்டு வலி வந்த நாளிலிருந்து நான் கையால் தட்டுவதைவிட வாயால் எழுதுவதுதான் அதிகம். கடிதம், கட்டுரை, அலுவலகக் குறிப்பு எல்லாம் பேசித்தான். இது தெரிந்த உறவுக்காரர்கள், நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள் எல்லாரும் விண்டோஸ் அப்டேட் வந்து போன மறுநாள் போன் செய்வார்கள்: "வாய்ஸ் டைப்பிங் நின்னு போச்சு, என்ன பண்றது?" கேள்விகள் பெரும்பாலும் அதேதான். அவற்றை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். விண்டோஸ் 11 ஓடும் லேப்டாப்பை மனதில் வைத்து எழுதியது. செட்டிங்ஸ் பெயர்களை ஆங்கிலத் திரையில் தெரிகிறபடியே தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன்.

அப்டேட் முடிந்ததிலிருந்து வாய்ஸ் டைப்பிங் வேலை செய்யவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

வாய்ஸ் டைப்பிங்கைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். ஸ்டார்ட் மெனுவில் சவுண்ட் ரெக்கார்டர் என்று தேடித் திறந்து, பத்து வினாடி பேசிப் பதிவு செய்து, திருப்பிப் போட்டுக் கேளுங்கள். என்னிடம் கேட்பவர்களில் இதை முதலிலேயே செய்து பார்த்தவர் யாருமில்லை. எல்லாரும் நேரே செட்டிங்ஸுக்குள் புகுந்து பத்து இடத்தில் மாற்றிவிட்டு, எதை மாற்றினோம் என்பதை மறந்துவிட்டுத்தான் வருவார்கள்.

பதிவில் உங்கள் குரலே இல்லையென்றால் கோளாறு மைக் பக்கம். குரல் இருக்கிறது, ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கிறது என்றால் தப்பான மைக் அல்லது டிரைவர் (மைக்கை விண்டோஸோடு பேச வைக்கும் சிறு மென்பொருள்). குரல் தெளிவாக இருந்தால் மைக்கைத் தொடவே வேண்டாம். கோளாறு இணையத்திலோ, மொழித் தேர்விலோ, நீங்கள் எழுதும் செயலியிலோ இருக்கிறது. இந்த ஒரு சோதனை பாதி வேலையைக் குறைத்துவிடும்.

அதற்கும் முன்னால் ஒன்று: ரீஸ்டார்ட் செய்யுங்கள். "ஷட் டவுன் பண்ணி மறுபடி போட்டேனே" என்பார்கள். அது போதாது. விண்டோஸ் 8 காலத்திலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒன்று இருக்கிறது. அது ஆன் ஆக இருந்தால், ஷட் டவுன் கொடுக்கும்போது விண்டோஸ் தன் உட்கருவையும் டிரைவர்களின் நிலையையும் டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொண்டு, மறுபடி போடும்போது அதையே எடுத்துக்கொள்ளும். சிக்கிக்கொண்ட டிரைவர் சிக்கிய நிலையிலேயே திரும்பி வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

பதிவில் சத்தமே இல்லை. மைக் போய்விட்டதா?

அநேகமாக இல்லை. முதலில் கீபோர்டைப் பாருங்கள். பல லேப்டாப்களில் மைக்கை அணைக்கத் தனிப் பொத்தான் உண்டு. திங்க்பேடில் அது எஃப்4. அதில் குட்டி விளக்கு எரிந்தால் மைக் அணைந்திருக்கிறது என்று பொருள். தூசி துடைக்கும்போதுகூடக் கை பட்டுவிடும். அன்றைக்கே அப்டேட்டும் வந்திருந்தால் பழி அப்டேட் மேல்.

அடுத்து அனுமதி. செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, மைக்ரோபோன். அங்கே மூன்று சுவிட்சுகள். மேலே இருப்பது லேப்டாப் முழுமைக்கும். அதற்குக் கீழே செயலிகளுக்கானது. அதற்குப் பிறகு வரும் பட்டியலையும் தாண்டிக் கீழே போனால் டெஸ்க்டாப் செயலிகளுக்கென்று இன்னொன்று இருக்கும். குரோம், வேர்ட் போன்றவை இந்த மூன்றாவதின் கீழ்தான் வரும். பெரிய அப்டேட்டுக்குப் பிறகு முதல் இரண்டும் ஆன் ஆக இருந்து மூன்றாவது மட்டும் அணைந்து கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். கீழே உருட்டிப் பார்க்காமல் "எல்லாம் ஆன்லதான் இருக்கு" என்று சொல்லிவிடாதீர்கள்.

எல்லா சுவிட்சும் ஆன். ஆனாலும் நான் பேசுவது ஏறவில்லை. வேறு ஏதோ எழுதுகிறது!

இது எனக்கே நடந்தது. அப்டேட் முடிந்த மறுநாள் காலை ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். நான் "மதிப்பிற்குரிய ஐயா" என்கிறேன். திரையில், "என்னை ஏமாத்திட்டே இல்ல" என்ற மாதிரி வரிகள். இரண்டு நிமிடம் பேய் பிடித்ததோ என்றுகூட நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது. ஹாலில் டிவி பக்கத்தில் என் ப்ளூடூத் இயர்பட்ஸ் டப்பாவுக்கு வெளியே கிடந்தது. லேப்டாப் அதை மைக்காக எடுத்துக்கொண்டு, அங்கே ஓடிய சீரியலைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தது.

செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் போய், இன்புட் என்ற பகுதியில் எந்த மைக் தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். வெப்கேம், வெளி மானிட்டர், இயர்பட்ஸ் என்று நாம் இணைத்த ஒவ்வொன்றும் அங்கே தலைகாட்டும். அப்டேட்டில் ஆடியோ டிரைவர் மாறினால் லேப்டாப்பின் சொந்த மைக்கை விண்டோஸ் புதிய சாதனமாக எண்ணிக்கொள்ளும். பழைய தேர்வு கலைந்து வேறொன்று முன்னால் வந்து நிற்கும். சொந்த மைக்கின் பெயர் பெரும்பாலும் மைக்ரோபோன் அர்ரே என்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து, அதன் பெயரைச் சொடுக்கி உள்ளே போனால் ஒலியளவும் சோதனைப் பொத்தானும் இருக்கும். ஒலியளவு 80க்குக் கீழே இருந்தால் ஏற்றிவிடுங்கள்.

ப்ளூடூத் ஹெட்செட்டில் பேசினால் தப்புத்தப்பாக வருகிறது. பாட்டும் கரகரக்கிறது. ஏன்?

பழைய ப்ளூடூத் முறையில், பாட்டு கேட்பதற்கு ஒரு வழி, பேசுவதற்கு வேறு வழி. மைக் திறந்த மறுகணம் ஹெட்செட் பேச்சு வழிக்கு மாறிவிடும். அங்கே ஒலித்தரம் போன் அழைப்பின் தரம்தான்: பழைய ஹெட்செட்டில் வினாடிக்கு 8,000 மாதிரிகள், சற்றுப் புதியதில் 16,000. அந்த 8,000த்தில் ச, ஸ போன்ற ஒலிகளின் கூர்மை மழுங்கிவிடும். எழுதும் எந்திரம் பாவம், ஊகித்துத்தான் எழுத வேண்டும். வேலைக்கு உட்காரும்போது ப்ளூடூத்தை விட்டுவிட்டு, கம்பி உள்ள சாதாரண ஹெட்செட்டை மாட்டுங்கள். சில நூறு ரூபாய் விலையுள்ள கம்பி மைக், ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய இயர்பட்ஸைவிட இந்த வேலைக்கு உதவும்.

மைக் சரிதான், கேட்கவும் செய்கிறது. ஆனால் அப்டேட்டுக்கு முன் இருந்த துல்லியம் இல்லை.

இதுதான் நேரம் பிடிக்கும் சிக்கல். பல லேப்டாப்களில் திரையின் மேல் விளிம்பில் அல்லது அதை ஒட்டி இரண்டு சிறு மைக்குகள் இருக்கும். அர்ரே என்ற பெயர் அதனால்தான். இரண்டுக்கும் ஒலி வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்து, முன்னால் இருந்து வரும் குரலைத் தூக்கி, பக்கத்தில் இருந்து வரும் இரைச்சலை அமுக்குவது டிரைவரின் வேலை. லேப்டாப்பைச் செய்த நிறுவனம் தன் மாடலுக்கென்று இதைப் பார்த்துப் பார்த்து அமைத்திருக்கும். அப்டேட் அந்த டிரைவரை எடுத்துவிட்டு விண்டோஸின் பொது டிரைவரைப் போட்டுவிட்டால் ஒலி வரும், ஆனால் அந்தக் கைவண்ணம் போய்விடும். தலைக்கு மேலே மின்விசிறி ஐந்தில் சுற்றும் வீட்டில் வித்தியாசம் உடனே தெரியும்.

விசிறியை நிறுத்திவிட்டு ஒரு பத்தி பேசிப் பாருங்கள். துல்லியம் திரும்பினால் காரணம் இதுவேதான். லேப்டாப் நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து, அங்கே கிடைக்கும் ஆடியோ டிரைவரை இறக்கிப் போடுங்கள். "டிரைவர் அப்டேட்டர்" என்று விளம்பரத்தில் வரும் எதையும் போடாதீர்கள். அதை நீக்கத் தனியாக ஒரு கேள்வி-பதில் பக்கம் எழுத வேண்டியிருக்கும்.

இன்னொன்று: சவுண்ட் அமைப்பில் மைக்கின் பெயரைத் திறந்தால் ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ் என்ற வரி இருக்கும். அதை ஆஃப் செய்து ஒரு முறை, ஆன் செய்து ஒரு முறை பேசிப் பாருங்கள். எது நல்லது என்பது லேப்டாப்புக்கு லேப்டாப் மாறும்.

பழைய டிரைவருக்கே திரும்ப முடியாதா?

முடியும். விண்டோஸ் பொத்தானுடன் எக்ஸ் அழுத்தி டிவைஸ் மேனேஜரைத் திறந்து, சவுண்ட், வீடியோ அண்ட் கேம் கன்ட்ரோலர்ஸ் என்பதற்குள் உங்கள் ஆடியோ சாதனத்தை இரட்டைச் சொடுக்குச் செய்யுங்கள். டிரைவர் என்ற தாவலில் ரோல் பேக் டிரைவர் இருக்கும். அது மங்கிக் கிடந்தால், திரும்பிப் போகப் பழைய டிரைவர் இல்லை என்று பொருள். அப்போது அன்இன்ஸ்டால் டிவைஸ் கொடுத்து ரீஸ்டார்ட் செய்தால் விண்டோஸ் தானே கண்டுபிடித்து மறுபடி போட்டுக்கொள்ளும். பயப்பட ஒன்றுமில்லை. டிரைவரையும் சேர்த்து நீக்கவா என்று ஒரு கட்டம் வரும். முதல் முறை அதை டிக் செய்யாதீர்கள்.

விண்டோஸ் பொத்தானுடன் எச் அழுத்தினால் மைக் பெட்டி வருகிறது. "சம்திங் வென்ட் ராங்" என்று சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது.

ரெக்கார்டரில் குரல் தெளிவாக இருந்தால் இணையத்தைப் பாருங்கள். இந்த வாய்ஸ் டைப்பிங் உங்கள் லேப்டாப்புக்குள் நடப்பதில்லை. குரல் மைக்ரோசாப்ட்டின் அஷூர் சர்வருக்குப் போய், அங்கே எழுத்தாகித் திரும்பி வருகிறது. இணையம் இல்லாவிட்டால் இதுவும் இல்லை. வீட்டில் வேலை செய்து அலுவலகத்தில் மட்டும் நின்றால், அலுவலக ஃபயர்வாலோ விபிஎன்னோ தடுக்கிறது. போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அப்புறம் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, ஸ்பீச் என்ற இடத்தில் ஆன்லைன் ஸ்பீச் ரெகக்னிஷன் ஆன் ஆக இருக்கட்டும். பெட்டி வந்து உடனே மறைந்தால், கர்சர் எழுதும் இடத்தில் துடிக்கிறதா என்று பாருங்கள். கர்சர் இல்லாத இடத்தில் பேசினால் அது எங்கே கொண்டுபோய் எழுதும்?

என் குரல் மைக்ரோசாப்ட்டுக்குப் போகிறதா? வழக்கு விவரம், நோயாளி விவரம் எல்லாம் பேசலாமா?

போகிறது, மேலே சொன்னபடி. அப்படிப்பட்ட விவரங்களை நான் பேசமாட்டேன், கையால் தட்டுவேன்.

தமிழில் பேசினால் ஆங்கிலச் சொற்களாக வருகிறது.

"வணக்கம்" என்றால் "ஒன் எ கம்" என்று எழுதுகிறதா? வாய்ஸ் டைப்பிங்குக்கென்று தனி மொழித் தேர்வு கிடையாது. அந்த நேரத்தில் எந்தக் கீபோர்டு தேர்வாகியிருக்கிறதோ அந்த மொழியில்தான் கேட்கும். விண்டோஸ் பொத்தானுடன் ஸ்பேஸ் பாரை அழுத்தித் தமிழுக்கு மாற்றிவிட்டு, பிறகு எச். கீழே வலது மூலையில் மொழி மாறியது தெரியும். பட்டியலில் தமிழே இல்லையென்றால் செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்வேஜ், லாங்வேஜ் அண்ட் ரீஜியன் போய்ச் சேருங்கள்.

தனியாக ஒரு செயலியைப் போட்டுத் தமிழ்99 அல்லது அஞ்சல் முறையில் தட்டுகிறவர்கள் இங்கே அடிக்கடி சறுக்குவார்கள். அந்தச் செயலி தமிழில் எழுதினாலும் விண்டோஸ் பார்வையில் கீபோர்டு ஆங்கிலம்தான். பேச வேண்டுமானால் விண்டோஸின் சொந்தத் தமிழ்க் கீபோர்டும் பட்டியலில் இருக்க வேண்டும்.

நான் இலங்கையில் இருக்கிறேன். தமிழ் (ஸ்ரீ லங்கா) என்று சேர்த்திருக்கிறேன், பேச முடியவில்லையே?

தமிழ் (இந்தியா) என்பதையும் சேர்த்து, அதற்கு மாறிப் பேசிப் பாருங்கள். மைக்ரோசாப்ட்டின் வாய்ஸ் டைப்பிங் பட்டியலில் இருப்பது அதுதான். கூகுளில் இந்தத் தொல்லை இல்லை. கூகுள் டாக்ஸில் இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று நான்கு தமிழும் தனித்தனியாக உண்டு.

கூகுள் டாக்ஸில் வாய்ஸ் டைப்பிங் மெனுவே காணோம் / மைக் படம் சிவப்பாகிறது, எழுத்து வரவில்லை.

மெனு காணவில்லையென்றால் பிரவுசரைப் பாருங்கள். குரோம், எட்ஜ், சஃபாரி ஆகியவற்றில்தான் அது வரும். அப்டேட்டுக்குப் பிறகு இணைப்புகள் வேறு பிரவுசரில் திறக்கத் தொடங்கியிருந்தால் குழப்பம் அங்கேதான்.

மெனு இருந்தும் எழுத்து வரவில்லையென்றால், பிரவுசருக்கென்று தனியாக அனுமதி உண்டு என்பதை நினைவில் வையுங்கள். விண்டோஸ் அனுமதித்தால் மட்டும் போதாது. முகவரிப் பட்டையின் இடது ஓரத்தில் உள்ள சின்னத்தைச் சொடுக்கி மைக்ரோபோனுக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். குரோமுக்குள்ளும் எந்த மைக் என்று ஒரு தேர்வு இருக்கிறது: செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், மைக்ரோபோன். விண்டோஸில் மைக்கை மாற்றிய பிறகும் குரோம் பழைய மைக்கையே பிடித்துக்கொண்டிருக்கும். மாமியார் உடைத்த மண்குடம் மாதிரி யாரும் கவனிப்பதில்லை.

கூகுள் 2017 ஆகஸ்டில் தமிழ் உட்பட எட்டு இந்திய மொழிகளைக் குரல் உள்ளீட்டில் சேர்த்தது. அப்போதிலிருந்து பழகியதாலோ என்னவோ, நீண்ட தமிழ்க் கட்டுரைக்கு எனக்கு இன்றும் டாக்ஸ்தான் கைவருகிறது. விண்டோஸ் முறை மெயில், வாட்சப் போன்ற சின்ன வேலைகளுக்கு. ல, ள, ழ, ண, ன இரண்டிலும் குழம்பும். அதை அப்டேட் தலையில் கட்ட முடியாது.

முன்பு வைத்திருந்த விண்டோஸ் ஸ்பீச் ரெகக்னிஷனைக் காணவில்லை. எங்கே போனது?

அது விண்டோஸ் விஸ்டாவோடு வந்தது. பல வருடம் பயன்படுத்தியவர்கள் அதற்குத் தங்கள் குரலைப் பழக்கி வைத்திருந்தார்கள். 2023 டிசம்பரில் அதைக் கைவிடுவதாக மைக்ரோசாப்ட் அறிவித்தது; விண்டோஸ் 11ல் 2022ல் வந்த 22எச்2 பதிப்பிலும் அதற்குப் பிந்தையவற்றிலும் அதன் இடத்துக்கு வாய்ஸ் ஆக்சஸ் வந்துவிட்டது. அப்டேட் உங்களுடையதைக் கெடுக்கவில்லை. பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்திருக்கிறது. பழக்கி வைத்த குரல் பதிவு புதியதற்கு உதவாது என்பதுதான் வருத்தம்.

வாய்ஸ் ஆக்சஸ், செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டி, ஸ்பீச் என்ற இடத்தில் இருக்கிறது. முதல் முறை மொழிக் கோப்பை இறக்கிவிட்டால் பிறகு இணையம் இல்லாமலும் ஓடும். எழுதுவதோடு நிற்காமல் ஜன்னல் திறக்க, மூட, சொடுக்கவும் வாயாலேயே முடியும். கை முழுதும் முடியாதவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் தமிழ் அதில் இல்லை. வாய்ஸ் டைப்பிங் வேறு, வாய்ஸ் ஆக்சஸ் வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு "தமிழ் போயிடுச்சு" என்று வருபவர்கள் நிறைய.

வேர்டில் டிக்டேட் பொத்தான் மங்கிக் கிடக்கிறது.

அது மைக்ரோசாப்ட் 365 சந்தா உள்ளவர்களுக்கானது. அக்கவுன்ட்டிலிருந்து வெளியேறியிருக்கிறீர்களா என்று பாருங்கள். சந்தா இல்லாவிட்டாலும் வேர்டுக்குள் விண்டோஸ் பொத்தான், எச் வேலை செய்யும்.

பேசியது சரியாகத்தான் எழுதுகிறது. ஆனால் கால்புள்ளி வர வேண்டிய இடத்தில் எல்லாம் "இ" நிற்கிறது!

உங்கள் கோப்பு பாமினி எழுத்துருவில் இருக்கிறது. பாமினியில் கால்புள்ளிக்கு உரிய இடத்தில் "இ" வரைந்து வைத்திருப்பார்கள். வாய்ஸ் டைப்பிங் தருவது யூனிகோட், அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு. தமிழ் எழுத்துகளை வேர்ட் வேறொரு யூனிகோட் எழுத்துருவில் காட்டிவிடும். கால்புள்ளி மட்டும் பாமினியில் மாட்டிக்கொள்ளும். முழுவதையும் தேர்ந்தெடுத்து நிர்மலா யுஐ என்ற யூனிகோட் எழுத்துருவுக்கு மாற்றிவிடுங்கள். ஆனால் அதே கோப்பில் முன்பே பாமினியில் தட்டிய பத்திகள் இருந்தால் அவை ஆங்கில எழுத்துக் குப்பையாக மாறிவிடும். அவற்றை யூனிகோட் மாற்றியில் போட்டு எடுத்த பிறகே எழுத்துருவைத் தொட வேண்டும். அச்சகங்களில் இருந்து வரும் பாதிக் கேள்விகள் இதுதான்.

லதா எழுத்துருவைக் காணவில்லை என்பதும் இந்த வகைதான். விண்டோஸ் 10 முதல் அது தானாக வருவதில்லை. ஆப்ஷனல் ஃபீச்சர்ஸில் தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ் என்று தேடிப் போட்டுக்கொள்ளலாம்.

பேசாமல் அப்டேட்டையே நீக்கிவிட்டால்?

மேலே சொன்னதெல்லாம் செய்து பார்த்த பிறகு. செட்டிங்ஸ், விண்டோஸ் அப்டேட், அப்டேட் ஹிஸ்டரி, அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் என்று போனால் மாதாந்திர அப்டேட்டை எடுத்துவிடலாம். ஆனால் அதில் பாதுகாப்புத் திருத்தங்களும் சேர்ந்து போகும். அதோடு, இந்த மாதத்தில் இருந்தது எல்லாம் அடுத்த மாத அப்டேட்டிலும் சேர்ந்தே வரும். அவகாசம் கிடைக்கும், அவ்வளவுதான். பதிப்பே மாறும் பெரிய அப்டேட் என்றால் சிஸ்டம், ரெகவரி, கோ பேக். இதற்குப் பத்து நாள்தான் கெடு.

சில சமயம் தவறு உண்மையிலேயே அப்டேட்டில் இருக்கும். விண்டோஸ் 11ன் 24எச்2 பதிப்பைப் போட்ட சில லேப்டாப்களில், டிராக் என்ற ஒலி மென்பொருளோடு மோதி ஸ்பீக்கரும் ப்ளூடூத் ஹெட்செட்டும் வேலை செய்யாமல் போயின. 2024 டிசம்பரில் அந்த லேப்டாப்களுக்கு மட்டும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் நிறுத்தி வைத்தது. அதனால் எழுத்து வேலை கெடு நெருங்கும் நேரத்தில் நான் அப்டேட்டை விடுவதில்லை. பாஸ் அப்டேட்ஸ் கொடுத்தால் ஐந்து வாரம் வரை தள்ளிப்போடலாம். மாதத்தின் இரண்டாவது செவ்வாய் பாதுகாப்பு அப்டேட் வரும் நாள்; நமக்கு அது செவ்வாய் இரவு. ஒரு வாரம் கழித்துப் போட்டால் முதல் அலை அடங்கியிருக்கும்.

கடையில் காட்டினேன். "மைக் போச்சு, போர்டு மாத்தணும், இல்லன்னா ஃபார்மட் போடணும்" என்கிறார்கள்.

ஒப்புக்கொள்வதற்கு முன் ஒரு யூஎஸ்பி மைக்கையோ யூஎஸ்பி ஹெட்செட்டையோ யாரிடமாவது இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள். அதற்கென்று ஒலிச் சில்லு அதற்குள்ளேயே இருப்பதால் லேப்டாப்பின் ஆடியோ டிரைவரை நம்பி அது இல்லை. அதிலும் எழுத்து வரவில்லையென்றால் போர்டு மாற்றியும் பயனில்லை. கோளாறு அனுமதியிலோ மொழியிலோ இணையத்திலோதான். அதில் சரியாக வந்து, நிறுவனத்தின் டிரைவரைப் போட்ட பிறகும் உள் மைக் மட்டும் ஊமையாக இருந்தால் கடைக்காரர் சொல்வது சரியாக இருக்கலாம். அப்போதும் போர்டு மாற்றும் செலவைவிட அந்த யூஎஸ்பி மைக்கையே சொந்தமாக வாங்கிக்கொள்வது மலிவு. நான் அப்படித்தான் இரண்டு வருடமாக ஓட்டுகிறேன்.